புளொக்செயின் வலையமைப்புகளின் வேகம்: ஒரு வரலாற்று நோக்கு

புளொக்செயின் எனப்படும் பொதுப் பேரேட்டு வலையமைப்புகளை ஒப்பிடுவோர், ஒரு செக்கனில் நிறைவேறும் கொடுக்கல் வாங்கல்களின் எண்ணிக்கையையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்வர். அவ்வெண்கள் தோன்றிய வரலாற்றை நோக்கின், அவை யாவும் ஒரே பொருளை அளப்பனவல்ல என்பது புலனாகும்.

2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிற்கொயினில், ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு முறை கொடுக்கல் வாங்கல்களின் தொகுதியொன்று பேரேட்டிற் சேர்க்கப்படும். 2010இல் தொகுதியின் பருமனுக்கு 1 மெகாபைற்று என எல்லை வகுக்கப்பட்டது. அதன் வேகம் செக்கனுக்கு 7 என்ற அளவில் நின்றமைக்கு இவ்விரண்டுமே காரணங்கள். எல்லையை உயர்த்துதல் வேண்டும் என ஒரு சாரார் வாதிட்டனர். உயர்த்தின், பேரேட்டின் முழுப்படியையும் சாதாரணக் கணினியில் வைத்துச் சரிபார்த்தல் அரிதாகிவிடும் என மறு சாரார் அஞ்சினர். 2017 ஓகஸ்டில் முன்னவருள் ஒரு பகுதியினர் பிரிந்து, 8 மெகாபைற்று எல்லையுடன் பிற்கொயின் காஷை நிறுவினர். தொழில்நுட்பப் பூசலாகத் தோன்றிய இது, உண்மையிற் கணக்கைச் சரிபார்க்கும் ஆற்றல் எத்தனை பேரிடம் இருத்தல் வேண்டும் என்பது பற்றிய பூசலேயாகும்.

2015இல் தோன்றிய எதீரியம் செக்கனுக்கு 15 அளவில் இயங்கியது. 2017 டிசம்பரில் பூனைப் படங்களை வாங்கி விற்கும் விளையாட்டு ஒன்றே அதனை நெரிசலுக்குள்ளாக்கியது. 2022 செப்ரெம்பரில் கணிப்புப் போட்டியைக் கைவிட்டு, வைப்புப் பணத்தைப் பிணையாகக் கொள்ளும் முறைக்கு அது மாறிற்று. மின்நுகர்வு 99 வீதத்துக்கு மேல் குறைந்தது; வேகமோ குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. இரண்டையும் ஒன்றாக மயங்கி எழுதுவோர் பலர்.

2020 மார்ச்சில் வெளிவந்த சொலானா, 400 மில்லிசெக்கனுக்கு ஒரு தொகுதி என்ற இலக்கையும், செக்கனுக்கு 65,000 என்ற கோட்பாட்டளவு எண்ணையும் முன்வைத்தது. சரிபார்ப்போர் தம்முள் இடும் வாக்குகளும் அதன் மொத்தக் கணக்கிற் கொடுக்கல் வாங்கல்களாகவே எண்ணப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது. அன்றியும், அங்கு சரிபார்ப்பதற்குப் பெருந்திறன் வாய்ந்த கணினி வேண்டும்; 2017இல் அஞ்சப்பட்டது இதுவே. 2021 செப்ரெம்பர் 14இல் தானியங்கி நிரல்கள் கோரிக்கைகளை வெள்ளமெனச் சொரிய, வலையமைப்பு ஏறத்தாழ 17 மணி நேரம் நின்றுபோயிற்று. சரிபார்ப்போர் கூடி உடன்பட்ட பின்னரே மீளத் தொடங்கிற்று. அந்நேரம் முழுவதும் பிற்கொயின் தன் வழமையான மந்த நடையில் தொகுதிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தது.