படிச்சா புரியுது, கேட்டா புரியலையா? கல்வராயன் மலையில் இருந்தபடியே காதைப் பழக்கலாம்!

பாடப் புத்தகத்து ஆங்கிலம் புரியுது. அதையே ஒருத்தர் வேகமாகப் பேசினா தலை சுத்துது. வெள்ளிமலை, சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு கல்லூரிக்குள் நுழையும் பலருக்கும் இதுதான் சிக்கல். காரணம், ஆங்கிலத்தைக் கண்ணால் பழகிய அளவுக்கு நாம் காதால் பழகவில்லை. ஆன்லைன் வகுப்பு, போன் இன்டர்வியூ, ஐ.இ.எல்.டி.எஸ், டோஃபல் என்று எல்லா இடத்திலும் காதுக்குத்தான் வேலை.

இதற்கு ஒரு நல்ல வழி, அமெரிக்க சமூகத்தைப் பற்றிய உரைகளைக் கேட்பது.

ஏன் அமெரிக்க சமூகம்?

கிரிக்கெட் கமென்ட்ரி ஆங்கிலத்தில் ஓடினாலும் புரியுதுல்ல? ஆட்டம் தெரியும், அதனால் புரியுது. உரைகளுக்கும் அதே கணக்குதான்.

1865-ல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால், விடுதலையான கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்கு நிலம் இல்லை. பண்ணை முதலாளியின் நிலத்தில் விளைச்சலைப் பங்கு பிரித்துப் பயிர் செய்தார்கள். விதைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கிய கடன், அடுத்த வருஷமும் அவர்களை விடவில்லை. இதன் பெயர் 'ஷேர்கிராப்பிங்'.

இது நமக்குப் புதுக்கதையா என்ன? கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். வாரம், குத்தகை, கடன் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த லெக்சரில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதிதான் ஆங்கிலம்.

எதில் தொடங்கலாம்?

* முதல் படி: வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-ல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்'. சுமார் 1,500 சொற்களுக்குள், வழக்கத்தைவிட மெதுவாக வாசித்தார்கள். அமெரிக்க வரலாற்றைச் சொல்லும் 'தி மேக்கிங் ஆஃப் எ நேஷன்' தொடர் நல்ல தொடக்கம்.
* இரண்டாம் படி: மார்ட்டின் லூதர் கிங். 1959-ல் இந்தியா வந்த அவர், கேரளத்தில் தலித் மாணவர்கள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று தலைமை ஆசிரியர் அவரை அறிமுகப்படுத்த, முதலில் அதிர்ந்து, பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்ததை 1965 ஜூலை 4 அன்று 'தி அமெரிக்கன் ட்ரீம்' உரையில் சொன்னார். கதை தெரிந்துவிட்டது, இனி காதுக்கு வேலை கொடுங்கள்.
* மூன்றாம் படி: ஓப்பன் யேல் கோர்சஸ். யேல் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிளைட் 2008-ல் நடத்திய உள்நாட்டுப் போர் பற்றிய 27 வகுப்புகளும் இலவசம். பேச்சின் எழுத்து வடிவமும் உண்டு.

எப்படிக் கேட்பது?

ஒரு நாளைக்கு 3 நிமிடப் பகுதி போதும். அதையே மூன்று முறை கேளுங்கள்.

1. எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, எதைப் பற்றிப் பேசுகிறார் என்று மட்டும் பிடியுங்கள்.
2. காதில் விழுந்த சொற்களை நோட்டில் எழுதுங்கள். ஸ்பெல்லிங் தப்பானால் பரவாயில்லை.
3. எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். தெரியாத சொல், தெரிந்தும் காதில் விழாத சொல் என்று இரண்டாகப் பிரியுங்கள். இரண்டாவது பட்டியல்தான் உங்கள் உண்மையான பாடம்.

வேகத்தை 0.75-க்குக் குறைக்கலாம், ஒரு வாரத்தில் 1-க்கு வந்துவிடுங்கள். தமிழ் சப்டைட்டில் வேண்டாம். கண் படிக்க ஆரம்பித்தால் காது தூங்கிடும்.

அமெரிக்கக் காது

அவர்கள் வாயில் 'வாட்டர்' 'வாடர்' ஆகும். 'கோயிங் டு' 'கன்னா' ஆகும். 'தர்ட்டி'யில் அழுத்தம் முன்னால், 'தர்ட்டீ'னில் பின்னால். 'ஹவ்வெவர்' என்று வந்தால் பேச்சு திரும்பப் போகிறது, உஷாராகுங்கள்.

சிக்னல் இல்லையா?

மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் நாளில், ஒரு வாரத்துக்கான ஆடியோவை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். வீடியோவைவிட டேட்டா மிகக் குறைவு. பஸ்ஸிலேயே கேட்கலாம்.

கடைசியாக ஒரு டெஸ்ட். கேட்டதை அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவர் நடுவில் ஒரு கேள்வி கேட்டு, அதற்கும் உங்களால் பதில் சொல்ல முடிந்தால், உங்களுக்குப் புரிந்துவிட்டது!