தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்

தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்பது திரைப்படத்தைச் சாராத சென்னை இசைக்குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017-இல் இதனை உருவாக்கினர். ‘சாதிபேதமற்ற’ என்னும் பெயர் அயோத்திதாசர் வழிவந்தது. அவர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியது மயிலாப்பூருக்குப் பக்கத்து இராயப்பேட்டையில்தான்.

முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் மார்கழிக் கச்சேரிகள் நடக்கும் காலம் அது. அந்த மேடைகளில் கானாவுக்கு ஏது இடம்? சாவு வீட்டுப் பாட்டென்று ஒதுக்கப்பட்ட அந்தக் கானா இங்கே ராப், ராக் இசையோடு சரிசமமாக ஒலித்தது. இட ஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாடுபொருளாயின.

ஆண்களே பாடிவந்த கானாவை இக்குழுவில் பாடியவர் இசைவாணி. பி.பி.சி.யின் 2020-ஆம் ஆண்டு நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். இன்னொரு பாடகர் அறிவு, மறு ஆண்டே தீயுடன் ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடினார்.