இனாமா, கூலியா? களத்துமேட்டிலிருந்து கல்யாண மண்டபம் வரை

போன தை மாதம் ஒரு முகூர்த்த நாளில் காரைக்கால் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தோம். விருந்துக்குப் போகவில்லை. போலகத்திலிருந்து அங்கே இலை எடுக்கப் போகும் பெண்களின் வேலை நேரத்தையும் கூலியையும் குறித்துக்கொள்ளப் போனோம். எங்களோடு கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

விடியற்காலை நான்கு மணிக்கு வந்த மூன்று பெண்கள் இரவு பத்து மணிக்குக் கடைசிப் பந்தி இலையை எடுத்தார்கள். புறப்படும் நேரத்தில் பெண்ணின் அப்பா வந்து, ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை மடித்து மூத்தவரிடம் நீட்டினார். "மூணு பேரும் பிரிச்சுக்கோங்கம்மா." அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். "புள்ளைங்க நல்லா இருக்கணும் ஐயா" என்றார். கூடவே மிச்சச் சோறு ஒரு வாளியில் வந்தது.

திரும்பும் வழியில் மாணவர் ஒருவர் எங்களிடம் கேட்டார்: "டிப்ஸ் கொடுக்கிறது சரியா, தப்பா? நாம கொடுக்கலாமா, கூடாதா?" எங்களுக்கு முன்னால் அந்த அக்காவே பதில் சொன்னார். "கொடுத்தா வாங்கிக்குவோம் தம்பி. காண்ட்ராக்டர் நானூறுதான் தருவாரு. கேட்டா, மேக்கொண்டு கல்யாண வீட்ல வாங்கிக்கோம்பாரு. அவங்க மறந்துட்டா அன்னைக்கு அவ்வளவுதான்."

மாணவரின் கேள்வி கொடுப்பவரைப் பற்றியது. அக்காவின் பதில் கூலி கொடுக்க வேண்டியவரைப் பற்றியது. இந்த இரண்டுக்கும் நடுவில் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பகுதி நம் ஊர்க் களத்துமேட்டிலேயே நடந்தது.

சுதந்திரம் என்றால் நெல்

போலகம் காவிரியின் கடைமடையில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் இருக்கிறது. தஞ்சைப் பகுதியின் நெல் வயல்களில் பரம்பரையாக நட்டவர்களும் அறுத்தவர்களும் பெரும்பாலும் நம் மக்கள். அறுவடை முடிந்து களத்தில் நெல்லை அளக்கும்போது, வெட்டியான், காவல்காரர், வண்ணார், தச்சர், கொல்லர் என்று ஊருக்கு வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு ஒதுக்குவார்கள். அந்தப் பங்குக்குச் சென்னை மாகாணத்தின் பழைய வருவாய் ஆவணங்களில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று மேரை. மற்றொன்று சுதந்திரம்.

இன்று விடுதலை என்று நாம் பொருள் கொள்ளும் அதே சொல்தான். அன்று அது வழக்கமாக வந்து சேரும் உரிமைப் பங்கு. மிராசுதாரரின் மனம் குளிர்ந்ததால் கிடைத்ததல்ல. வேலை செய்ததால் சேர வேண்டியது.

இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பங்கோடு சாதி சேர்ந்தே வந்தது. வெட்டியானின் மகன் வெட்டியானாகவே இருக்க வேண்டும். பிணம் எரிக்க மாட்டேன், பறை அடிக்க மாட்டேன் என்றால் பங்கும் போகும், வீட்டுக்கும் ஆபத்து வரும். கூலியில்லாத கட்டாய வேலைக்கு வெட்டி என்றே பெயர். இருந்தாலும் பங்குக்கு ஒரு கணக்கு இருந்தது. கணக்கு இருந்தால் குறையும்போது கேட்க முடியும்.

காலப்போக்கில் இந்தக் கணக்கு கரைந்தது. ரயத்துவாரி முறையில் நிலம் பட்டாதாரரின் தனிச் சொத்தாகப் பதிவானது. களத்துப் பங்கு உரிமை நிலையிலிருந்து இறங்கி நிலக்காரரின் பெருந்தன்மையாக மாறியது. நாள்கூலியை அடிமாட்டு அளவில் வைத்துவிட்டு, பொங்கலுக்கு ஒரு வேட்டி, ஒரு சேலை, சாவுக்குக் கொஞ்சம் காசு என்று பண்ணையார் 'கொடுத்தார்'. 1950-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் காத்லீன் கஃப், பண்ணையாட்களுக்கு இப்படி நெல்லும் துணியும் பிணைத்துக் கொடுக்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். கூலி குறைவாக இருப்பதைப் பற்றிப் பேச முடியாதபடி அந்தச் சேலை வாயை அடைத்தது. போன பொங்கலுக்குத் துணி கொடுத்தவரை எதிர்த்து எப்படிக் கேட்பது?

இனாம், பக்ஷீஸ், மாமூல் ஆகிய சொற்கள் அரபு, பாரசீக வழியில் நமக்கு வந்தவை. மாமூல் என்றால் வழக்கம் என்றுதான் பொருள். பிரெஞ்சுக்காரர்கள் டிப்ஸை 'பூர்புவார்' என்கிறார்கள், 'குடிப்பதற்கு' என்று அர்த்தம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊரில், சாவு வீட்டில் பறை அடித்தவருக்கும் குழி வெட்டியவருக்கும் "குடிக்க வச்சுக்கோ" என்று காசு நீட்டுவது இன்றும் கேட்கிறது. உழைப்பின் விலையைச் சொல்லாமல், வாங்குபவரின் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கும் காசு அது. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்பது அந்த ஒரு சொல்லிலேயே முடிவாகிவிடுகிறது.

அம்பேத்கர் கேட்ட ரொக்கம்

இந்தக் கண்ணியை மிகத் தெளிவாகப் பார்த்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். மகாராஷ்டிரத்தில் மகர்கள் அரசுக்கும் ஊருக்கும் இரவு பகலாக வேலை செய்தார்கள். அதற்கு வதன் என்ற சிறு நிலமும், விவசாயிகள் களத்தில் தரும் பலுதா என்ற தானியப் பங்கும்தான் ஊதியம். வேலை வாங்கியது அரசாங்கம். கூலியை ஊரார் தலையில் கட்டியது. ஊராரின் கோபத்துக்கு ஆளானால் பலுதா நின்றுவிடும். அதனால் மகர் யாரிடமும் தலை நிமிர்ந்து பேச முடியவில்லை.

1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் ஒரு மசோதா கொண்டுவந்தார். பலுதாவை ரொக்கமாக மாற்றி, நிலவரியோடு சேர்த்து அரசே வசூலித்துத் தர வேண்டும் என்றது அது. வீட்டு வாசலில் நின்று வாங்கும் தானியத்தை அரசு அலுவலகத்தில் வாங்கும் சம்பளமாக்குவதுதான் நோக்கம். மசோதா அப்போது நிறைவேறவில்லை. வதன் முறையை ஒழித்த சட்டம் 1958-இல்தான் வந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1927-இல், மகாடு மாநாட்டில் எச்சில் சோற்றையும் செத்த மாட்டுக் கறியையும் விடச் சொன்னதும் இதன் தொடர்ச்சியே. மண்டபத்தில் அந்த வாளி வந்தபோது எங்களில் சிலருக்கு மகாடு நினைவுக்கு வந்தது. எங்களில் ஒருவரின் அம்மாவும் இதே வேலைக்குப் போனவர். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதை வாங்கும் நிலையில் அம்மாவை வைத்தவர்களிடம்தான் கேள்வி இருக்கிறது.

அரைப்படிக்கான விலை

கீழத்தஞ்சையில் 1940-களில் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் விவசாயச் சங்கம் கட்டியபோது, சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்தச் சொன்னதோடு, கூலிக்கு அளவு குறிக்கவும் சொன்னார்கள். 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது சென்னை மாகாணச் சட்டம். எல்லைக்கு இந்தப் பக்கம் காரைக்கால் அப்போதும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் போலகத்து உழைப்பாளிக்கு அது எட்டவில்லை. ஒரே காவிரித் தண்ணீர், ஒரே நெல், ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மட்டும் சட்டம்.

1968-இல் கீழ்வெண்மணியில் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நிலக்காரர் எவ்வளவோ அரைப்படிகளைத் திருவிழாவுக்கும் தானத்துக்கும் கொடுத்திருப்பார். அதையே கூலியாகக் கேட்டதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. இனாமாகக் கொடுத்தால் அவர் எஜமான். கூலியாகக் கொடுத்தால் வெறும் முதலாளி. அந்த உயிர்ப்பலிக்குப் பிறகு, 1969-இல் தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

லிங்கனின் மகனும் போர்ட்டர்களும்

இது நம் சாதிச் சமூகத்துக்கு மட்டும் உரிய நோய் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு, புல்மன் நிறுவனம் தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் கறுப்பின மக்களைப் போர்ட்டர்களாக அமர்த்தியது. சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகளின் டிப்ஸில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாளி ஜார்ஜ் புல்மன் பெயரால் எல்லாப் போர்ட்டரையும் பயணிகள் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். நம் ஊரில் கிழவரையும் 'டேய்' என்பது போல.

1915-இல் அரசு விசாரணைக் குழு, மாதம் 27.50 டாலர் சம்பளம் போதுமா என்று அந்த நிறுவனத்தின் முன்னாள் தலைவரை விசாரித்தது. அவர் பெயர் ராபர்ட் லிங்கன். அடிமை ஒழிப்பு அறிவிப்பில் கையெழுத்திட்ட ஆபிரகாம் லிங்கனின் மகன்!

1909 முதல் சில அமெரிக்க மாகாணங்கள் டிப்ஸ் கொடுப்பதையே தடை செய்து பார்த்தன. 1926-க்குள் எல்லாத் தடையும் நீங்கிவிட்டது. டிப்ஸை நிறுத்தினார்களே தவிர, அதன் இடத்தில் கூலியை வைக்கவில்லை. மாற்றத்தைக் கொண்டுவந்தது சங்கம். 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் போர்ட்டர்கள் சங்கம் அமைத்து, 12 ஆண்டுகள் போராடி, 1937-இல் கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் உள்ள ஒப்பந்தத்தை வாங்கினார்கள்.

ஆனாலும் அங்கே கண்ணி முழுதாக அறுபடவில்லை. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய மத்தியக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான். மற்றவர்களுக்கு 7.25. டிப்ஸ் சேர்ந்தும் 7.25 வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், மிச்சத்துக்கு வாடிக்கையாளரின் சிரிப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. நம் மண்டபத்துக் காண்ட்ராக்டர் சொன்னதைத்தான் அங்கே சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. அங்கே உணவக விலைப்பட்டியலிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருக்க வேண்டும். பரிமாறுபவருக்குச் சட்டக் கூலி உண்டு. மேற்கொண்டு வைப்பது வைப்பவர் விருப்பம். அங்கே குடியேறிய நம் காரைக்கால் சொந்தங்கள் இதை நன்றாக அறிவார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்து ஐந்நூறு நீட்டும்போது, "கூலி எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

அப்படியானால் கொடுக்கலாமா?

கொடுங்கள். கொள்கை பேசிக்கொண்டு கையை மூடினால் நட்டம் அந்த அக்காவுக்குத்தான். ஆனால் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போகாதீர்கள். காசைக் கொடுக்கும்போது மூன்று பேருக்கும் தனித்தனியாக, கண்ணைப் பார்த்து, பெயர் கேட்டுக் கொடுங்கள். 'குடிக்க' என்று சொல்லாதீர்கள். உங்கள் வீட்டு விசேஷம் என்றால், காண்ட்ராக்டரிடம் பேசும்போதே இலை எடுப்பவரின் நாள்கூலி என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஜெய்ப்பூர் ஓட்டல் ஒன்றின் வழக்கில் 1976-இல் உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் முதலாளி தருவதாகாது, அதைக் காட்டித் தொழிலாளியின் ஊதியத்தைக் கணக்கிட முடியாது என்றது. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்றது. பழைய வெட்டிதான் அது. நீதிமன்றம் அதற்குச் சட்டப் பெயர் வைத்தது.

அந்த மூன்று பெண்களும் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வேலை நேரமும் காண்ட்ராக்டர் கொடுத்த கூலியும்; எதிர்ப்பக்கம் கல்யாண வீட்டார் கொடுத்தது. மாணவர்கள் கோடு போட்டுக் கொடுத்தார்கள். "ரெண்டையும் ஒண்ணா எழுதிடாதீங்க தம்பி, அவரு ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லிடுவாரு" என்று எச்சரித்தவர் மூத்த அக்கா. அடுத்த முகூர்த்தத்துக்கு முன் அந்த நோட்டோடு காண்ட்ராக்டரைப் பார்க்கப் போகிறோம். வருகிறவர்கள் வாருங்கள்.