டொக்டர் ஹூவும் அம்மம்மாவின் கசெற்றும்

என்னைத் தெரிந்தவர்கள் பகிடி பண்ணுகிற விசயம் ஒன்று இருக்கிறது. நாற்பத்தைந்து வயது தாண்டிய மனிசன், பகல் முழுக்க ரெஸ்ரோறண்ட் குசினியில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து சின்னப்பிள்ளைகள் பார்க்கிற டொக்டர் ஹூ பார்க்கிறானாம். பகிடி பண்ணட்டும். ஆனால் அந்த நாடகத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. நாடகத்தை விட எனக்கு அதுதான் பெரிசு. கனநாளாய் எழுத நினைத்தது, இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது.

லண்டனில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு டொக்டர் ஹூ என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சொந்தக் கிரகத்தை விட்டு வெளிக்கிட்ட ஒருவர், நீல நிறப் பொலிஸ் பெட்டி ஒன்றுக்குள் ஏறிக் காலத்திலும் விண்வெளியிலும் அலைகிறார். பெட்டி வெளியே பார்க்கச் சின்னன், உள்ளே மாளிகை. சாகிற நிலை வந்தால் உடம்பு மாறி, வேறு முகத்தோடு எழும்புவார். அதனால் நடிகர் மாறினாலும் கதை நிற்காது. முதல் அத்தியாயம் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை பின்னேரம் பிபிசியில் போனது. அதற்கு முதல் நாள்தான் அமெரிக்காவில் கெனடியைச் சுட்டிருந்தார்கள். அடுத்த கிழமை இரண்டாம் அத்தியாயத்துக்கு முன்னால் முதலாவதைத் திரும்பவும் போட்டார்கள்.

இதைத் தொடங்கின ஆட்களைப் பாருங்கள். யோசனை போட்ட சிட்னி நியூமன் கனடாக்காரர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், 27 வயதுப் பெண், அந்த நாளையில் பிபிசி நாடகப் பகுதியில் இருந்த ஒரேயொரு பெண் தயாரிப்பாளர். முதற்கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அப்போது 24 வயது. கதை எழுதியவர் அவுஸ்திரேலியாக்காரர். இங்கிலாந்தின் சொத்து என்று வெள்ளைக்காரர் பெருமைப்படுகிற நாடகம் இது! பிறகு 2023 முதல் 2025 வரை டொக்டராக நடித்த ஷூட்டி கட்வாவும் ருவாண்டா இனப்படுகொலைக்குத் தப்பி ஸ்கொட்லாந்துக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைதான்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

2005 இல் நான் ஒரு ரெஸ்ரோறண்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த வருசம் மார்ச்சில்தான் பதினாறு வருச இடைவெளிக்குப் பிறகு டொக்டர் ஹூ ஒழுங்கான தொடராகத் திரும்பவும் தொடங்கியது. 1989 இல் நிறுத்தியிருந்தார்கள், இடையில் 1996 இல் ஒரு தனிப்படம் மட்டும் வந்தது. எங்கள் குசினியில் கோப்பை கழுவுகிற வேலைக்கு ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். ஐம்பது ஐம்பத்திரண்டு வயது வரும், அதிகம் கதைக்கமாட்டார். அந்தத் தொடர் தொடங்கின கிழமை மட்டும் வாய் மூடவில்லை. பழையதை எங்கே பார்க்கலாம் என்று நான் கேட்டேன்.

"கனக்க இல்லை. அழிச்சுப் போட்டாங்கள்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பிபிசி என்றால் எங்கள் ஊரில் வேதவாக்கு. பின்னேரம் பிபிசி தமிழோசை கேட்டுத்தான் எங்கள் ஊரிலேயே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வோம். அப்படிப்பட்ட பிபிசி தன்னுடைய நாடகத்தைத் தானே அழிக்குமா?

அழித்தது. அறுபதுகளில் வீடியோ நாடா இரண்டு அங்குல அகலம், சரியான விலை. ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் அதே நாடாவில் இன்னொன்றைப் பதிவதுதான் வழக்கம். நடிகர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி ஒரு நாடகத்தை நினைத்தபடி திரும்பத் திரும்பப் போடவும் முடியாது. வீட்டில் வைத்துப் பார்க்கிற வீடியோ அப்போது இல்லை. பிறகு கலர் வந்ததும் கறுப்பு வெள்ளையை வாங்க ஆள் இல்லை. இப்படி ஒவ்வொரு காரணமாய்ப் பார்த்தால் ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. அலுவலகத்தில் ஒருவர் பட்டியலில் கையெழுத்து வைக்கிறார், நாடா அழிகிறது, அடுத்த கிழமைக்குப் புது அத்தியாயம் வருகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

மூல நாடாக்கள் அழிந்தாலும், வெளிநாட்டுக்கு விற்க என்று 16 மில்லிமீற்றர் படச்சுருளில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். எழுபதுகளில், விற்பனை முடிந்ததென்று அவற்றையும் அழிக்கத் தொடங்கினார்கள். நாடாவைப் பராமரித்த பகுதி படச்சுருளை மற்றப் பகுதி வைத்திருக்கும் என்று நினைத்தது. மற்றப் பகுதி நாடா இருக்கும்தானே என்று நினைத்தது. 1978 இல் சூ மால்டன் என்பவரைக் காப்பகத்துக்கு எதைத் தெரிந்து வைப்பது என்று பார்க்கிற பொறுப்புக்குப் போட்ட பிறகுதான் இந்த அழிப்பு நின்றது. அறுபதுகளில் ஒளிபரப்பானவை 253 அத்தியாயங்கள். 2013 இல் பெரிய கண்டெடுப்பு ஒன்று நடந்த பிறகும் 97 இல்லாமல் இருந்தன. நான் மேலே சொன்ன வாரிஸ் ஹுசைன் பெரும்பகுதியை இயக்கிய 'மார்க்கோ போலோ' என்ற கதை, 1964, ஏழு அத்தியாயம். ஏழும் போய்விட்டது.

அப்படியென்றால் மிஞ்சினவை எப்படி மிஞ்சின? என்னை இந்த நாடகத்தோடு கட்டிப்போட்டது இந்தக் கேள்விதான்.

வெளிநாட்டுக்குப் போன பிரதிகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு நாட்டு நிலையம் போட்டு முடித்ததும் அடுத்த நாட்டுக்கு அனுப்பும், அல்லது லண்டனுக்குத் திருப்பும், அல்லது அழித்துவிட்டோம் என்று கடிதம் எழுதும். சில இடங்களில் மூன்றும் நடக்கவில்லை, அலுமாரியில் அப்படியே கிடந்தது. 1967 இல் வந்த ஒரு கதையின் நான்கு அத்தியாயங்களும் ஹொங்கொங்கில் இருந்து கிடைத்து 1992 இல் வீடியோவாக வெளிவந்தன. 1999 இல் நியூசிலாந்தில் ஒருவரின் சேகரிப்பில் ஒன்று. நைஜீரியாவில் இருந்து எண்பதுகளிலேயே சில வந்தன. பிறகு 2013 ஒக்டோபரில், நைஜீரியாவின் ஜொஸ் நகரத்து நிலையம் ஒன்றில் இருந்து ஒன்பது அத்தியாயங்கள் கிடைத்ததாக அறிவித்தார்கள். செய்தி வந்த அன்றைக்கு நான் வேலையில் நின்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது போனில் வாசித்தேன். ஆபிரிக்காவின் புழுதிக்குள் எத்தனையோ வருசமாகக் கிடந்த பெட்டி!

தாய்நாட்டில் இருந்ததை அழித்தார்கள். வெளியே போனது தப்பியது.

(இலங்கைக்கு ரீவி வந்ததே 1979 இல். ஆனபடியால் எங்கள் பக்கத்தில் யாரும் தேடத் தேவையில்லை.)

இங்கிலாந்துக்குள்ளும் தப்பினவை இருக்கின்றன. தூக்கி எறியச் சொன்னதை எறியாமல் வைத்திருந்த முன்னாள் பிபிசிப் பொறியாளர் ஒருவர் 2004 இல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். 2011 இல் கிடைத்த இரண்டை, ஒருவர் எண்பதுகளில் சௌத்ஹம்ரன் பக்கத்துப் பாடசாலைச் சந்தை ஒன்றில் மற்றப் பழைய படச்சுருள்களோடு சேர்த்து வாங்கியிருக்கிறார். தன்னிடம் இருப்பது உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்று அவருக்குத் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது அவுஸ்திரேலியத் தணிக்கைக் கதை. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அங்கே தணிக்கைக்காரர் சில காட்சிகளை வெட்டினார்கள். கழுத்தை நெரிக்கிறது, கத்தியால் குத்துகிறது இப்படியானவை. வெட்டின துண்டுகளை எறியவில்லை. அரசாங்க வேலைதானே, கோப்பில் போட்டு வைத்தார்கள். 1996 இல் இரண்டு ரசிகர்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவற்றைத் தேடிப் பிடித்தார்கள். முழு அத்தியாயமும் அழிந்துபோக, யாரும் பார்க்கக்கூடாது என்று வெட்டின அந்த ஒருசில விநாடிகள் மட்டும் இன்றைக்கு எல்லோரும் பார்க்க மிஞ்சி இருக்கின்றன.

ஜோன் கியூரா என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். வீட்டில் ரீவிக்கு முன்னால் கமராவை வைத்து, ஓடுகிற நிகழ்ச்சியைப் படம் படமாக எடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்பார். அதுதான் அவர் பிழைப்பு. மார்க்கோ போலோவின் ஆறு அத்தியாயங்கள் எப்படி இருந்தன என்பது, வாரிஸ் ஹுசைன் தன்னிடம் வைத்திருந்த அந்தப் படங்களால்தான் தெரிய வந்தது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய வேலை செய்தவர்கள் பள்ளிக்கூடப் பெடியள். திரும்பப் பார்க்க வழியில்லாத காலத்தில், ரீவி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, சிலர் ரீவிக்குள்ளேயே வயர் கொடுத்து, நாடகத்தின் சத்தத்தை ரேப்பில் பதிந்து வைத்தார்கள். அதனால் அழிந்த அத்தியாயங்கள் எல்லாவற்றுக்கும் ஒலி இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை. 2016 இல், ஆறு அத்தியாயமும் அழிந்துபோன ஒரு கதைக்குப் பிபிசி கார்ட்டூன் படம் செய்து வெளியிட்டபோது, ஐம்பது வருசத்துக்கு முன்னர் இப்படிப் பதியப்பட்ட குரல்களுக்குத்தான் படம் கீறினார்கள். ஒரு பெரிய நிறுவனம் எறிந்ததைப் பிள்ளைகளிடம் திரும்ப வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

எங்கள் கோப்பை கழுவுகிற மனிசனும் அந்தப் பெடியளில் ஒருவர். வீட்டில் எல்லோரையும் அரை மணித்தியாலம் பேசக்கூடாது என்று சொல்லிப் போட்டுப் பதிவாராம். அவர் பதிந்த கதை கடைசியில் அழியாத கதைகளில் ஒன்று. அதனால் அவருடைய ரேப் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. "பிறகேன் வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டேன். ஓரிடத்தில் தன்னுடைய அம்மா குசினியில் கோப்பை அடுக்குகிற சத்தம் கேட்கும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

2001 இல் நான் இங்கே வந்த புதிதில் வன்னியில் இருந்து அம்மம்மா ஒரு கசெற் அனுப்பினா. அங்கே போன் இல்லை. அம்மம்மாவுக்கு எழுதத் தெரியாது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மச்சான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோவை ஓட விட்டுப் பதிந்திருந்தார்கள். அந்தக் கசெற் எத்தனையோ கை மாறி லண்டன் வந்தது. ஒரு பக்கம் முழுக்க அம்மம்மா கதைக்கிறா, பின்னால் சைக்கிள் சில்லுச் சுற்றுகிற சத்தம். இரண்டு தரமோ மூன்று தரமோ கேட்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை இரவு தமிழ் வானொலியில் பழைய பாட்டுப் போட்டார்கள். அறையில் வெறும் கசெற் ஒன்றும் இல்லை. கையில் கிடைத்ததைப் போட்டுப் பதிந்துவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். தெரியும். அம்மம்மா இருக்கிறா தானே, இன்னொன்று அனுப்புவா என்று நினைத்தேன்.

அந்த வருசம் மார்கழியில் அம்மம்மா செத்துப்போனா. இன்னொரு கசெற் வரவில்லை.

கம்பஸில் இரண்டு வருசம் வரலாறு படித்துப் பாதியில் விட்டவன் நான். ஆதாரம் என்றால் கல்வெட்டு, செப்பேடு, அரசாங்க ஆவணம் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினேன். அதே நான்தான் என் கையாலேயே அழித்தேன். பிபிசியில் பட்டியலுக்குக் கையெழுத்து வைத்த அந்த மனிசனை ரசிகர்கள் இன்றைக்கும் திட்டுகிறார்கள். என்னால் திட்ட முடியவில்லை. அவருடைய கணக்கும் என்னுடைய கணக்கும் ஒன்றுதான். நாடா விலை, இடம் இல்லை, அடுத்த கிழமை வேறு வரும்.

அழித்துப் பதிந்த அந்தப் பாட்டுகளை இன்றைக்கு யாரும் எங்கேயும் கேட்கலாம். ஒரு பெறுமதியும் இல்லை.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் சனத்தின் வீடுகள் எத்தனையோ தரம் எரிந்தன, இடம்பெயர்ந்ததில் எத்தனையோ பெட்டிகள் வழியில் போயின. அங்கே இருந்தது கனக்க இல்லை. ஆனால் கடிதமாகவும் கசெற்றாகவும் கலியாண வீட்டு வீடியோவாகவும் வெளியே வந்தவை இருக்கின்றன. ஸ்காபரோவிலும் ஓஸ்லோவிலும் லா சப்பலிலும் உங்கள் கட்டிலுக்குக் கீழே சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கும். ஊரில் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கலாம், அந்தச் சந்தையில் வாங்கின மனிசன் மாதிரி உங்களுக்கே தெரியாமல். கசெற் என்றால் மேல் விளிம்பில் இருக்கிற சின்னப் பிளாஸ்ரிக் பல்லை உடைத்து விடுங்கள், மேலே பதிய முடியாது. பிறகு ஒரு நாள் இருந்து கொம்பியூட்டருக்கு மாற்றுங்கள். நான் செய்ததைச் செய்யாதேயுங்கள்.

2005 இல் அந்த மனிசன் சொன்னதைக் கேட்டு அன்றிரவே வீட்டுக்கு வந்து அந்தக் கசெற்றைத் தேடி எடுத்தேன். பாட்டு நிகழ்ச்சி கசெற்றின் பக்கம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் முடிந்திருக்கிறது. நானும் அப்போது நிறுத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு நாற்பது விநாடி அம்மம்மா மிஞ்சி இருக்கிறா. எனக்குச் சொன்னது ஒன்றும் அதில் இல்லை. மச்சானுக்குத்தான் சொல்கிறா.

"காணும் மோனை, கை நோகும், விடு."

மச்சான் கை ஓய ஓய டைனமோ மெதுவாகிறது. மெதுவாக ஓடினதில் பதிந்ததால், போட்டுக் கேட்கும்போது குரல் வேகமாகி, மெல்லிசாகி, கடைசியில் ஒரு சின்னப் பெட்டை கதைக்கிற மாதிரிக் கேட்கும். பிறகு நின்றுவிடும்.

அந்தப் பல்லை அன்றைக்கே உடைத்துவிட்டேன்.