கழிப்பதா, தவிர்ப்பதா: வின்ஃப்ரீட் டெங்கின் நுண்ணோக்கிகள்

வின்ஃப்ரீட் டெங்கை 'கருவி செய்பவர்' என்று முத்திரை குத்திவிட்டு நகர்வது நரம்பியல் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. 1990இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்ட்ரிக்லர், வாட் வெப் ஆகியோருடன் இரு-ஃபோட்டான் நுண்ணோக்கியை உருவாக்கினார். 2004இல் ஹைடல்பெர்க்கிலிருந்து, வெட்டியபடியே படமெடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை ஹோர்ஸ்ட்மனுடன் சேர்ந்து அறிவித்தார். ஒன்று ஒளியில் இயங்குவது, மற்றொன்று எலக்ட்ரானில். ஆயினும் இரண்டும் ஒரே யோசனையின் இரு வடிவங்கள். அந்த யோசனை ஒரு நரம்பியல் கேள்வியோடு பின்னிப் பிணைந்தது என்பதே என் வாதம்.

இரு-ஃபோட்டானுக்கு முன்பிருந்த கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் லேசர் போகும் வழியெல்லாம் திசு ஒளிர்கிறது. குவியத்துக்கு மேலும் கீழும் எழும் வேண்டாத ஒளியை உணரியின் முன்னுள்ள ஊசித்துளை தடுத்துவிடும். மூளைத் திசுவோ ஒளியை ஏகமாகச் சிதறடிப்பது. குவியத்தில் பிறந்த நல்ல ஒளியும் திசைமாறி, துளைக்குள் நுழையாமல் வீணாகிறது. ஒரு மூலக்கூறு இரண்டு ஃபோட்டான்களை ஒருசேர உட்கவரலாம் என்று மரியா கோப்பெர்ட்-மேயர் 1931இலேயே காட்டியிருந்தார். ஒளிச்செறிவு இரட்டித்தால் இந்த உட்கவர்தல் நான்கு மடங்காகும். ஆகவே ஏறத்தாழ 100 ஃபெம்டோவினாடியே நீடிக்கும் லேசர் துடிப்புகளைக் குவித்தால், குவியத்தில் மட்டுமே ஒளிர்வு எழும். பிறந்த இடம் உறுதியானபின் ஒளி எப்படிச் சிதறி வந்தால்தான் என்ன? அத்தனையையும் வாரிச் சேர்க்கலாம்; ஊசித்துளைக்கு வேலையே இல்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பழைய முறைப்படி திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, நீரில் மிதக்கவிட்டு எடுத்து, ஒவ்வொன்றாகப் படம்பிடித்துப் பொருத்த வேண்டும். சீவல் சுருங்கும், மடியும், சில தொலைந்தே போகும். டெங்க் கத்தியை நுண்ணோக்கியின் வெற்றிட அறைக்குள்ளேயே வைத்தார். சீவியபின் தெரியும் திசுத் துண்டின் முகப்பைத்தான் கருவி படமெடுக்கிறது. எல்லோரும் பொத்திப் பாதுகாத்த சீவல் குப்பைக்குப் போகிறது. 1981இலேயே லெய்ட்டன் இப்படியொரு வெட்டுக்கருவியைக் கட்டியிருந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆயிரக்கணக்கான படங்களைத் தானாக எடுத்துச் சேமிக்கும் வசதிதான் அன்று இல்லை. இரண்டு கருவிகளிலும் டெங்க் பிழையைப் பின்னால் கழிக்க முயலவில்லை. அது பிறக்கும் இடத்தையே அடைத்தார்.

இது வெறும் பொறியியல் சாமர்த்தியம் அன்று என்பதற்கு விழித்திரையிலுள்ள ஸ்டார்பர்ஸ்ட் அமாக்ரைன் செல்லே சாட்சி. எத்திசையில் ஒரு பொருள் நகர்கிறது என்பதை விழித்திரை எப்படிக் கணிக்கிறது? விழித்திரையைப் படமெடுக்கப் பாய்ச்சும் ஒளியே அதைக் கூசவைத்துவிடும் என்பது முதல் இடையூறு. இரு-ஃபோட்டான் முறை பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளியோ ஒளியுணர் செல்களை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. 2002இல் ஆய்லர், டெட்வைலர், டெங்க் மூவரும் முயலின் விழித்திரையில் இச்செல்லின் கிளைகளைப் பார்த்தனர். செல்லுடலிலிருந்து நுனி நோக்கி நகரும் தூண்டலுக்கே செல்லின் செயல்பாட்டைக் காட்டும் கால்சியம் கிளைநுனியில் மிகுதியாக எழுந்தது. கிளை ஒவ்வொன்றும் தனித்தனியே திசையறிகிறது.

அந்தக் கிளைகள் யாரோடு இணைகின்றன? இதற்கு ஒளி போதாது. 2011இல் பிரிக்மன், ஹெல்ம்ஸ்டேட்டர், டெங்க் ஆகியோர் எலியின் விழித்திரையில், மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்லியன் செல்களின் திசை விருப்பத்தை முதலில் இரு-ஃபோட்டான் கருவியில் பதிந்தனர். பிறகு அதே திசுவை எலக்ட்ரான் கருவிக்குக் கொடுத்தனர். கேங்லியன் செல் விரும்பும் திசைக்கு எதிராக நீளும் கிளைகளே அதனுடன் மிகுதியாக இணைந்திருந்தன. இணைப்பு தடுப்பு வகை. எனவே எதிர்த்திசை நகர்வு அமுக்கப்படுகிறது. கேள்வி ஒன்றே, கருவி இரண்டு.

தவிர்க்கப்பட்ட சுமை வேறிடத்துக்குப் போனது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் வலு உண்டு. 2013இல் எலி விழித்திரையின் சிறு துண்டில் 950 நியூரான்களை மீட்டுருவாக்க, இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கிளைகளைக் கையால் தடம்பிடிக்க நேர்ந்தது. கணினி துணை செய்தது, அவ்வளவே. தடம்பிடிப்பதில் நேரும் தவறுகளைப் பலர் பதிவை ஒப்பிட்டுக் களைவது, ஊசித்துளையைப் போலப் பின்னால் செய்யும் வைத்தியம்தான். மென்பொருளை மட்டும் நம்பி அதைத் தீர்க்க முற்பட்டோர் பலர். டெங்க் மிக்குலாவுடன் 2015இல் வெளியிட்டதோ, எலியின் முழு மூளையும் ஒரே சீராகச் சாயமேறும் வேதிமுறை. செல்சவ்வு தெளிவாகத் தெரிந்தால் தடம் தவறுவது குறையும்.