ஹைகேட் சூளைகளும் குவீன்ஸ் வுட் வனத்தின் பழமையும்

லண்டன் மாநகரின் வடபால், மஸ்வெல் ஹில் சாலையின் இரு மருங்கிலும் ஹைகேட் வுட், குவீன்ஸ் வுட் என்னும் இரு வனங்கள் நிற்கின்றன. இவற்றுள், 1990-இல் உள்ளூர் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பெற்ற பின்னதனை, மனிதர் கைபடாத ஆதிவனத்தின் எச்சமெனக் கொள்ளும் அபிப்பிராயம் ஒருசாரார்க்கு உண்டு. முன்னதில் கிடைத்த ரோமானியர் காலத்து மட்பாண்டச் சூளைகளைக் காட்டி, அப்பிரதேசத்தில் காடே அந்நாளில் அழிந்துபோயிற்று என வாதிப்போர் மற்றொரு சாரார். ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரு கொள்கைகளும், கோடரி விழுந்த இடத்தில் காடு முடிந்துவிடுகிறது என்னும் ஒரே எண்ணத்தில் வேர்கொண்டவை என்றும், அவ்வெண்ணம் பிழை என்றும் நான் கருதுகிறேன்.

சூளைகளின் சாட்சியையே முதற்கண் நோக்குவோம். அவை பத்தளவில் அகழ்ந்து காணப்பட்டன. அங்கே பாண்டத்தொழில் நடந்த காலம் ஏறத்தாழ கி.பி. 50 முதல் 160 வரை என்பர். சூளை இருந்தமையால் அங்கே வெட்டவெளி இருந்தது என்பது வரையில் எனக்கும் உடன்பாடே. சூளையடுக்கவும் பாண்டம் உலர்த்தவும் ஓரளவு திறந்த இடம் வேண்டும். ஆனால் அவ்வனுமானத்தை மலைச்சரிவு முழுமைக்கும் விரிப்போர், நூறாண்டுக்கு மேலாக அச்சூளைகள் எதை எரித்தன என்னும் வினாவை எழுப்பாமலே செல்கின்றனர். முதல் தலைமுறைக் குயவர் மரங்களை வேரோடு களைந்து தீர்த்திருப்பாராயின், மூன்றாம் தலைமுறையார் அதே களிமண்ணில் அதே தொழிலை நடத்தியிருத்தல் எங்ஙனம் கூடும்? ஓக் முதலிய மரங்கள் அடியில் வெட்டப்பட்டால் மடிவதில்லை. கரும்பு மறுதாம்பு விடுவதுபோல, அடிக்கட்டையினின்றும் பல கிளைகளாகத் தழைத்துச் சில ஆண்டுகளில் மீண்டும் வெட்டுக்கு வந்துவிடுகின்றன. சூளைக்கு வேண்டிய நீண்ட சுடரைத் தருவதும் பருத்த அடிமரமன்று, இத்தகைய மெல்லிய விறகே என்பதைச் சூளைவேலை அறிந்தோர் எவரும் சொல்வர். ஆகவே, காட்டின் அழிவுக்குப் பிரமாணமாக இதுகாறும் காட்டப்பட்ட சூளைகளை, முறைவைத்து வெட்டிக் காக்கப்பட்ட காட்டுக்கே பிரமாணமாகக் கொள்ளுதல் பொருந்தும் என்று துணிகிறேன். விறகு தொலைவிலிருந்து வந்திருக்கலாமே என்னும் ஆட்சேபம் நெடிய மறுமொழிக்குரியதன்று; மரம் சூழ்ந்த குன்றில் விறகு சுமந்து ஏற எவரும் முற்படார்.

சூளைகள் அணைந்த பிற்பாடு கழிந்த நூற்றாண்டுகளைப் பற்றி அவை யாதும் கூறமாட்டா என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே தாவரங்களே துணை. விதையால் எளிதிற் பரவாது பெரும்பாலும் வேரினின்றே முளைவிடும் காட்டுச் சர்வீஸ் மரமும், நூறாண்டில் சில அடிகளே நகரும் வெண்ணிற அனிமோனியும் குவீன்ஸ் வுட்டில் வாழ்கின்றன. இவற்றைக் கைபடாமையின் அடையாளமாகப் படிப்பதற்கு நியாயம் யாதுமில்லை. இவை காட்டுகின்ற குணம் தொடர்ச்சி ஒன்றே. வெட்டுண்டபின் சில பருவங்கள் தரையில் விழும் வெயிலில் அனிமோனி செழிப்பதும், முறைவெட்டு நின்று ஹார்ன்பீம் மரங்களின் நிழல் மூடிய இடத்தில் அது குன்றுவதும் கண்கூடு.

1898-இல் ஹார்ன்சி நகர்ப்புற மாவட்ட மன்றம் இவ்வனத்தை வாங்கி, சர்ச்யார்டு பாட்டம் வுட் என்னும் பழம்பெயரை மாற்றி விக்டோரியா மகாராணியைச் சிறப்பிக்குமாறு புதுப்பெயர் சூட்டியபோது, ஒரு பெருந்தீங்கு தடுக்கப்பட்டது; அம்மன்றத்தாரின் உபகாரத்தை நன்றியோடு எண்ணுகிறேன். ஆயினும் பொதுமக்களின் உலாவிடமாக மாறிய காட்டில் வெட்டு என்பதே அபசாரமாகக் கருதப்பட்டு, பழைய முறை கைவிடப்பட்டது. அண்மையில் சில பகுதிகளில் அம்முறையை மீட்க முற்பட்டோரை, காப்பகத்தின் விதியை மீறியவராகச் சிலர் குறைகூறுகின்றனர். அவர்கள் நிழலில் நின்று வியக்கும் பல தண்டுடைய ஹார்ன்பீம்கள் ஒவ்வொன்றும், ஒரே அடிக்கட்டையினின்று எழுந்தவை. அக்கட்டையின்மேல் முன்னொருகால் கோடரி விழுந்திராவிடில் அவ்வுருவம் அதற்கு வாய்த்திராது.

என் வாசிப்பை மறுக்க விரும்புவோர்க்கு வழி திறந்தே இருக்கிறது. சூளைச் சாம்பலிற் கலந்த கரித்துண்டுகள் முதிர்ந்த அடிமரங்களுக்குரியவை என்று ஆண்டுவளையங்களைக் கொண்டு அவர்கள் நிறுவுவாராயின், மேற்கூறியவற்றுட் பெரும்பகுதியை நான் திரும்பப்பெற வேண்டியவனாவேன்.