சென்ட் கணக்கும் பெரிய கோயில் கயிறும்

போன கோடையில எங்க வயலுக்கு சர்வேயர் வந்தார். வடக்கு மூலை சர்வே கல்லைக் காணோம். வருஷா வருஷம் அண்டை வெட்டி வரப்பு கழிக்கிற மண்வெட்டி, ஒரு வருஷம் அந்தப் பக்கம் போகும், ஒரு வருஷம் இந்தப் பக்கம் போகும். கல் எப்போ சாய்ஞ்சதுன்னே யாருக்கும் தெரியலை. பக்கத்து வயல் அண்ணன்தான் நம்ம பக்கம் தள்ளி வந்துட்டார்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு குமைச்சல். அளக்கறதுக்குப் பணம் கட்டினதும் நான்தான்.

அவர் கையில இருந்தது ஒரே ஒரு தாள். எஃப்.எம்.பி.னு சொல்ற புலப்படம். மனை வாங்கினவங்க பார்த்திருப்பீங்க. வயலை மூலைக்கு மூலை கோடு இழுத்து முக்கோணமாப் பிரிச்சு, எல்லையோட ஒவ்வொரு வளைவும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம்னு குறிச்சிருப்பாங்க. ஒரு கல் தொலைஞ்சாலும் மிச்சக் கல்லுகளை வச்சு இடத்தைப் பிடிச்சிடலாம்.

நிலம் அளக்கிறது நமக்குப் புதுசு இல்லை. ராஜராஜன் காலத்திலேயே சோழநாட்டைக் கோல் வச்சு அளந்திருக்காங்க. பெரிய கோயில் கல்வெட்டுல வேலியைப் பொடிப்பொடியா வகுத்த பின்னங்கள் வரைக்கும் இருக்கு. ஆனா அத்தனையும் எழுத்து. படம் கிடையாது. கிழக்கே இந்த வாய்க்கால், தெற்கே இன்னார் நிலம்னு நாலு எல்லையும் சொல்லாலதான். இன்னிக்கும் நம்ம பத்திரத்துல செக்குபந்தி அப்படித்தானே எழுதுறோம்? வாய்க்கால் நகர்ந்தா வழக்குதான்.

தேசப் படத்துக்கும் இதே கதிதான். ஜேம்ஸ் ரென்னல் 1782இல் இந்துஸ்தான் படம் வெளியிட்டார். படைகள் நடந்த தூரம், பயணிகள் குறிப்பு, நட்சத்திரம் பார்த்துக் கணித்த இடங்கள்னு கிடைச்சதையெல்லாம் ஒட்டுப் போட்டது. அந்தக் காலத்துக்கு அது பெரிய வேலை. ஆனா சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவுல சுமார் 400 மைல்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. அளந்து பார்த்தா 360தான்.

அளந்தவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல்ல பரங்கிமலைப் பக்கம் சுமார் 7.5 மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை 100 அடி இரும்புச் சங்கிலியால அளந்தார். அந்தச் சங்கிலி சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாப் போய், வேண்டாம்னு திரும்பி வந்தது! சுமார் 400 தடவை கிடத்தி எடுக்கணும். அதுக்கப்புறம் சங்கிலிக்கு வேலை ரொம்பக் குறைவு. முக்கோணத்துல ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா மத்த பக்கங்கள் கணக்கிலேயே வந்துடும். ஆத்தையும் மலையையும் சங்கிலி தாண்ட வேண்டாம், பார்வை தாண்டினாப் போதும்.

கோணம் பார்க்கிற தியோடலைட் அரை டன் எடை. மலை இருந்தா உச்சிக்கு ஏத்தலாம். எங்க டெல்டாவுல மலைக்கு எங்கே போக? தென்னையும் பனையும் மறைக்கும். அதனால கோயில் மேல ஏத்தினாங்க. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குத் தூக்கும்போது கயிறு விட்டுடுச்சு. கருவி சுவரில் மோதி, வட்டம் நெளிஞ்சு போச்சு. வேற ஆளா இருந்தா மூட்டை கட்டியிருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள்ள உட்கார்ந்து, ஆறு வாரம் தட்டித் தட்டி நேராக்கினார். நுண்ணிய பின்னத்துல நிலக்கணக்கு வெட்டின கோயில்லயே இது நடந்ததுங்கறது எனக்கு ஆச்சரியம்தான்.

அவர் 1823இல் செத்துப்போனார். முக்கோணங்கள் இமயமலை வரைக்கும் போச்சு. 1820களின் கடைசியில ஆரம்பிச்ச இந்திய அட்லஸ், 1 அங்குலத்துக்கு 4 மைல்னு இந்த எலும்புக்கூட்டு மேலதான் வரையப்பட்டது.

வயலுக்கு வந்தது வேற சங்கிலி. எட்மண்ட் கன்டர்னு 1620 வாக்கில் ஒரு இங்கிலாந்துக் கணக்கர் போட்டது. 66 அடி, 100 லிங்க். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், நூறு சென்ட் ஒரு ஏக்கர். மனைக்கு 435.6 சதுர அடினு கோணல் கணக்கு சொல்றோமே, லிங்க்ல அது முழு எண். சென்னை மாகாணத்துல 1858க்குப் பிறகு புலம் புலமா இந்தக் கணக்குல அளந்து கல் நட்டாங்க.

இப்போ படத்துல மீட்டர்தான். சர்வேயர் ரெண்டு கல்லைப் பிடிச்சு டேப் இழுத்து, ஓரிடத்துல கடப்பாரையை ஊன்றினார். டங்குனு சத்தம். புதைஞ்ச கல் அங்கேயே இருந்தது.

வரப்பு அதுக்கு 80 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது, அண்ணன் பக்கமா. அதாவது நாங்கதான் தின்னிருக்கோம். நீளம் 50 மீட்டர், மறுமுனையில சரியா இருந்ததால ஆப்பு மாதிரி அரை சென்ட். அப்பா காலத்திலயா, என் காலத்திலயானு தெரியலை. அண்ணன் தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைச்சுக்கிட்டு, "இருக்கட்டும் தம்பி, சம்பா அறுப்பு முடியட்டும்"னார்.

தை கடைசியில வரப்பை மாத்திப் போட்டேன். மண்வெட்டி என் கையில, கயிறு அவர் கையில.